அட்டையில் ஏறாத பெயர்கள்

2016ஆம் ஆண்டு ஒரே பாட்டோடு சேர்த்துப் பேசப்பட்ட இரண்டு பேரைத் தமிழ்நாடு இழந்தது. ஜனவரி 17 அன்று நாட்டுப்புறப் பாடகரும் ஆய்வாளருமான கே.ஏ. குணசேகரன் புதுச்சேரியில் காலமானார். டிசம்பர் 1 அன்று கவிஞர் இன்குலாப் காலமானார். பாட்டு ‘மனுசங்கடா’. எழுதியவர் இன்குலாப். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை மனத்தில் வைத்து அவர் எழுதியதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது குணசேகரனின் குரல். அதனால் ‘குணசேகரன் பாட்டு’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், ‘இன்குலாப் பாட்டு’ என்று திருத்துபவர்களும் இருக்கிறார்கள். ‘அது மக்கள் பாட்டு, யார் எழுதினால் என்ன’ என்று கேட்பவர்களும் உண்டு.

மூன்றாவது தரப்பு கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கிறது. ஆனால் தமிழ் நாட்டுப்புற இசையில் அதிகப் பெயர்களை விழுங்கியது அந்தப் பெருந்தன்மைதான்.

ஒரு நாட்டுப்புறப் பாடகர் ஆல்பம் போடும்போது அதில் பெரும்பாலும் மூன்று வகைச் சரக்கு கலந்திருக்கும். வயலிலும் துக்க வீட்டிலும் கேட்டுப் பழகிய பழைய பாட்டு ஒன்று. பெயர் தெரிந்த வேறொருவர் எழுதிய பாட்டு ஒன்று. தானே கட்டிய பாட்டு ஒன்று. மேடையில் இந்த மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டிய தேவை இருந்ததில்லை. ஒலிநாடா வந்தபோது தேவை வந்தது. ஏனென்றால் ஒலிநாடாவுக்கு அட்டை உண்டு, அட்டையில் பெயர் போட இடம் உண்டு, பெயர் போட்ட இடத்தைத் தொடர்ந்து பணமும் வரும்.

குணசேகரனின் வாழ்க்கை இந்தக் கலவையை ஒருவரிடமே காட்டுகிறது. சிவகங்கை மாவட்டத்து மாரந்தையில் 1955இல் பிறந்து இளையான்குடிப் பக்கம் வளர்ந்தவர். தலித் சிறுவனாக அங்கே பட்டதை ‘வடு’ என்ற தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பாடகராக அறியப்பட்டவர் ஆய்வாளராகவும் ஆனார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார். சென்னை தரமணியிலுள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். களத்தில் கேட்டுத் திரட்டிய பாட்டுகள் அவரிடம் இருந்தன, இன்குலாப் போன்றவர்கள் எழுதியவையும் இருந்தன. ‘தன்னானே’ என்ற குழுவோடு மேடையேறி இவற்றை ஒரே மூச்சில் பாடினார். கேட்டவருக்கு எல்லாம் ஒரே மண்ணின் குரலாகத்தான் காதில் விழுந்தது. கலைஞனாக அது அவருக்குக் கிடைத்த வெற்றி. பதிவு என்று பார்த்தால் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒலிநாடா வருவதற்கு முன் இந்தச் சிக்கலை நம் ஆய்வாளர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் வியப்பு வரும். நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பைப் புரட்டினால் பல பாட்டுகளின் அடியில் சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும். உதவியவர் யார், சேகரித்தவர் யார், எந்த இடம். எஸ்.எஸ். போத்தையா, எஸ்.எம். கார்க்கி போன்ற சேகரிப்பாளர்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். பாடிக் காட்டியவர் அங்கே ‘உதவியவர்’ ஆகிவிடுகிறார் என்பது கொஞ்சம் உறுத்தும். ஆனாலும் பெயர் இருக்கிறது. அதற்கு முந்தைய கதை வேறு. பெர்சி மெக்வீன் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய பாட்டுகளைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் 1958இல் ‘மலையருவி’யாக வெளியிட்டது. அந்த நூலில் திரட்டிய துரையின் பெயரும் பதிப்பித்த புலவரின் பெயரும்தான் நிலைத்தன.

ஆக 1964லேயே ஒரு நல்ல வழக்கம் கையில் இருந்தது. எண்பதுகளின் ஒலிநாடா வெள்ளம் அதைக் கவனிக்கவில்லை. அதுவரை இசைத்தட்டு என்றால் ஒன்றிரண்டு பெரிய நிறுவனங்கள் வைத்ததே சட்டம். மலிவான கேசட் வந்ததும் சின்ன ஊரிலும் கம்பெனி முளைத்தது. வட இந்தியாவில் இது நடந்த விதத்தைப் பீட்டர் மானுவல் 1993இல் எழுதிய ‘கேசட் கல்ச்சர்’ நூலில் விரிவாகப் பதிவு செய்தார். தமிழ்நாட்டிலும் வட்டாரப் பாட்டு, பக்திப் பாட்டு, கட்சிப் பாட்டு எல்லாம் கடைத்தெருவுக்கு வந்தன. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி, கொல்லங்குடி கருப்பாயி போன்றவை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களாயின. வானொலியில் பாடிக்கொண்டிருந்த கருப்பாயி 1985இல் ‘ஆண் பாவம்’ படத்தில் நடித்துப் பாடியபோது, சிவகங்கைச் சீமையின் ஒரு கிழவி சென்னைத் திரையரங்கில் கைதட்டல் வாங்கினார். நாட்டுப்புறக் குரலுக்கு அது பெரிய வெளிச்சம்.

ஆனால் அந்தக் காலக் கேசட் அட்டைகளின் பொதுவான பாணி என்ன? முன்பக்கம் பாடகரின் படம். பின்பக்கம் பாட்டுப் பட்டியல். ‘இசை’ என்ற இடத்தில் கீபோர்டும் ரிதம் பேடும் சேர்த்துக் கொடுத்தவரின் பெயர். ‘பாடல்’ என்ற இடத்தில் ‘நாட்டுப்புறப் பாடல்’ அல்லது ‘கிராமியப் பாடல்’. எந்த ஊரில் யாரிடம் கேட்டது என்பது அநேகமாக இருக்காது. வானமாமலை நூலில் இருந்த சின்ன எழுத்து வரிகள் உதிர்ந்துபோய், அந்த இடத்தில் பின்னணி சேர்த்தவர் அமர்ந்தார்.

இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அமெரிக்காவில் அதைக் கேட்டவர்கள் ஆப்பிரிக்கப் பழங்குடிப் பாட்டு என்று எண்ணிக்கொண்டு பாடினார்கள். 1961இல் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்று மாறி உலகம் சுற்றியது. அடுத்த ஆண்டு லிண்டா இறந்தார், வறுமையில். உரிமைத்தொகை கேட்டு அவர் குடும்பம் வழக்குப் போட்டு, 2006இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. ‘மரபுப் பாட்டு’ என்ற முத்திரையைக் குத்தியவர்களில் பெரும்பாலோர் திருடர்கள் இல்லை. மரபை மதித்தவர்கள்தான். கெடுதல் அந்த மதிப்போடு சேர்ந்தே வந்தது.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. பாப் டிலனின் முதல் ஆல்பம் 1962 மார்ச்சில் வந்தது. 13 பாட்டுகள். சொந்தப் பாட்டு இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் மரபுப் பாட்டும் பிறர் பாட்டும். அந்த இரண்டில் ஒன்று, தன் குருவாக அவர் நினைத்த உட்டி கத்ரிக்கு எழுதிய பாட்டு. அதன் மெட்டோ கத்ரியின் இன்னொரு பாட்டிலிருந்து எடுத்தது. ‘சொந்தம்’ என்று கணக்கில் வந்ததிலும் பாதி இரவல். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாட்டுப்புறப் பாட்டு உலகில் சொந்தம் பிறப்பதே இப்படித்தான். நம்மிடம் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் செய்ததும் இதே வேலை. மக்கள் காதில் ஏற்கெனவே இருக்கும் மெட்டை எடு, அன்றைய அரசியலை அதில் ஏற்று. அவருடைய தம்பி இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’யோடு திரைக்கு வந்தபோது அந்த மேடை அனுபவமும் கூட வந்தது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு இன்னும் ஒரு படி போனார். கிறித்தவ வழிபாட்டையே கிராமிய மெட்டில் கட்டினார். அவரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட நூல், நாட்டுப்புற இசையைத் தலித் விடுதலையின் கருவியாக அவர் எப்படிப் பார்த்தார் என்பதை விளக்குகிறது. பாடுகிறவர்கள் தங்கள் தேவைக்கேற்பப் பாட்டை மாற்றிக்கொள்ள முடிவதைத்தான் அவர் அந்த இசையின் பலமாகக் கண்டார். கீர்த்தனையைப் போல எழுதியதை எழுதியபடி பாட வேண்டும் என்ற கட்டு அங்கே இல்லை.

இனி சட்டம். இங்கேதான் சுவாரசியம்.

அதை ஓர் ஊரில் வைத்துப் பார்க்க, பூந்தமல்லி வட்டத்துக் குத்தம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் உள்ள ஊர். வயலும் ஏரிப் பாசனமுமாக இருந்த இந்த வட்டாரத்தில் இன்று கிடங்குகளும் மனைப் பிரிவுகளும். சென்னையின் மேற்குப் பக்கப் பேருந்து முனையத்துக்கும் இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் இருந்து இன்று ஒருவர் ஆல்பம் போட நினைத்தால் அவர் காதில் என்னென்ன இருக்கும்? பாட்டி தலைமுறை நடவில் பாடியது இருக்கும். துக்க வீட்டு ஒப்பாரி இருக்கும். ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது ஒலிபெருக்கியில் அலறும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு இருக்கும். ஆவடி, அம்பத்தூர் வரைக்கும் சாவு வீட்டில் இரவு முழுக்க நடக்கும் கானா இருக்கும். நடுநடுவே தான் கட்டிய நாலு பாட்டும் இருக்கும்.

இந்தப் பட்டியலில் ஒவ்வொன்றையும் சட்டம் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. எழுதியவர் எவரென்று அறியாமல் தலைமுறைகளாக வாய்வழி வந்த நடவுப் பாட்டுக்குப் பதிப்புரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் அதை ஒருவர் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் அந்த ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை உண்டு. அதை வெட்டி ஒட்ட முடியாது. இன்குலாப் பாட்டுக்கு நிலை வேறு. எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். அதாவது 2076 முடியும் வரை. எத்தனை மேடையில் ‘மக்கள் பாட்டு’ என்று அறிவித்தாலும் சட்டப்படி அது ஒரு கவிஞரின் ஆக்கம்.

பிறர் பாட்டைத் தன் குரலில் பதிவு செய்ய 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவித்து, தொகையைக் கட்ட வேண்டும். அட்டையில் இது கவர் பதிப்பு என்று போட வேண்டும். பழைய பாடகரின் பெயரையோ படத்தையோ போட்டு வாங்குபவரைக் குழப்பக் கூடாது. இதுவரை நியாயம்தான். அடுத்து வருவது இடி. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான உரிமைத்தொகையைக் கணக்கிட்டுக் கட்ட வேண்டும். ஊர்த் திருவிழாவில் பாடிப் பிழைக்கும் ஒருவருக்கு 50,000 படி என்பது கனவில் வரும் எண். மொழியையும் வட்டார வழக்கையும் பார்த்து, புழக்கம் குறைவாக இருக்கும் இடத்தில் இந்த அளவைக் குறைத்து நிர்ணயிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குச் சின்னப் பாடகரின் நினைவு ஒரு கணம் வந்திருக்கிறது என்பதற்கு அந்த வரி சாட்சி.

கானாவுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. 31சி கவர் பாட்டில் தொழில்நுட்பத் தேவைக்கு மேல் எந்த மாற்றமும் செய்ய விடாது. கானாக்காரரோ மாற்றுவதற்காகவே பாட்டை எடுக்கிறார். எம்.ஜி.ஆர். காலத்துத் திரை மெட்டில், செத்துப்போனவரின் பெயரையும் தெருவையும் தொழிலையும் ஏற்றி அந்த இரவிலேயே புதுப் பாட்டுக் கட்டுகிறார். சினிமாக்காரர் கானாவிலிருந்து எடுத்தால் அது படைப்பு, கானாக்காரர் சினிமாவிலிருந்து எடுத்தால் அது மீறல் என்ற நிலை இது. துக்க வீட்டில் யாரும் வழக்குப் போடுவதில்லை. அதே பாட்டு யூடியூபில் ஏறினால் மென்பொருள் மெட்டை அடையாளம் கண்டுபிடித்துவிடும். மரண கானா விஜி, கானா உலகநாதன், கானா பாலா போன்றவர்கள் வெளியுலகுக்கு வந்தபோது சொந்த வரியும் சொந்த மெட்டும் முக்கியமானதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது. 2012இல் ‘அட்டகத்தி’ படத்தில் கானா பாலா தானே எழுதியதையும் பாடினார்.

சட்டத்தைவிடப் பழைய பூட்டு ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது. ‘ஊர்ப் பாட்டு’ என்கிறோம். ஊர் என்பது எப்போது ஒன்றாக இருந்தது? ஊர் வேறு, சேரி வேறு. பறையடித்தவர், ஒப்பாரிக்குக் கூப்பிட்ட குரலுக்கு வந்தவர், நடவில் முன்பாட்டுப் பாடியவர் யார் என்று பார்த்தால், பாட்டு எல்லாருக்கும் பொதுவாக இருந்தாலும் பாடும் உழைப்பு ஒருபோதும் பொதுவாக இருந்ததில்லை என்பது விளங்கும். குத்தம்பாக்கத்தில் 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி இந்தப் பிரிவினையை வீட்டுச் சுவரில் இருந்து தொடங்கினார். பொறியாளராக இருந்த வேலையை விட்டு ஊருக்கு வந்தவர். ஒட்டியிருக்கும் இரட்டை வீடுகளைக் கட்டி, ஒன்றில் தலித் குடும்பத்தையும் அடுத்ததில் வேறு சாதிக் குடும்பத்தையும் குடியமர்த்தினார். அது மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது, பல சாதியினரை ஒரே குடியிருப்பில் வைக்கும் அரசின் சமத்துவபுரத் திட்டத்தோடு சேர்த்தும் பேசப்படுகிறது. ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளச் செய்வதற்கே இவ்வளவு முயற்சி வேண்டியிருந்த சமூகத்தில், ஒரு பாட்டை மட்டும் ‘எல்லாருக்கும் பொது’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அட்டையில் ‘கிராமியப் பாடல்’ என்று போடும்போது அழிவது பாடியவரின் பெயர் மட்டும் இல்லை, அவர் எந்தத் தெருவிலிருந்து பாடினார் என்பதும்தான்.

இந்த இடத்தைத்தான் அடுத்த தலைமுறை பிடித்துக்கொண்டது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற சிந்தனையிலிருந்து பெயர் எடுத்தார்கள். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்தார்கள். அதில் பாடிய இசைவாணி, ஆண்களே ஆண்டுவந்த கானாவில் பெண் குரலாக நின்று, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே குழுவிலிருந்து வந்தவர் அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு.

2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ அறிவு, பாடகி தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் மூவரையும் உலக மேடைக்குக் கொண்டுபோனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய, அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதையும் ஒப்பாரியின் சாயலும் அந்தப் பாட்டில் இருக்கின்றன. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லாததால் சர்ச்சை எழுந்தது. 2022இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாட்டு பாடப்பட்டது. இது யாருடைய ஆக்கம் என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் பொதுவெளியில் தனித்தனி விளக்கம் தந்தார்கள். 2024 மார்ச்சில், இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு எந்த வருமானமும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் காணொளியில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட, மூன்று பேர் பெயரும் தெளிவாகப் போடப்பட்ட பாட்டுக்கே இந்த நிலை என்றால், ‘கிராமியப் பாடல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு போன பாட்டுகளின் கதியைக் கேட்கவே வேண்டாம்.

அறிவு தன் ஆல்பத்துக்கு வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. 2024இல் வந்தது. பாட்டு எங்கிருந்து வந்தது என்பதை அட்டையின் நெற்றியிலேயே எழுதிவிடுவதும் ஒரு முறைதான். ஆனால் எல்லாப் பாடகருக்கும் அது வாய்க்காது. எல்லாப் பாட்டும் சொந்தப் பாட்டியிடமிருந்து வருவதுமில்லை.

இன்று ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் போன்ற தளங்களுக்கு ஆல்பத்தைக் கொண்டுசேர்க்கும் விநியோகஸ்தர்களின் படிவத்தில் பாட்டு சொந்தமா, கவரா, மரபுப் பாட்டா என்று முதலிலேயே கேட்கிறார்கள். இயற்றியவர் என்ற கட்டத்தில் ஒருவர் ‘மரபு’ என்று தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பெரும்பாலோர் அப்படித்தான் போவார்கள், படிவம் அதற்கு மேல் கேட்பதில்லை. வானமாமலை கேட்ட மூன்றையும், அதாவது பாடியவர், சேகரித்தவர், இடம் என்பவற்றை, விளக்கக் குறிப்புப் பகுதியிலோ அட்டைப் படத்தின் ஓரத்திலோ போட்டால் யாரும் தடுக்கப் போவதில்லை. மெட்டு இன்னாரிடம் கேட்டது, வரி இன்னார் எழுதியது, இந்த இரண்டு சரணம் நான் சேர்த்தது என்று பிரித்துச் சொல்லலாம். நடவுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்த அத்தைக்கோ பெரியம்மாவுக்கோ ஒலிப்பதிவில் பங்கு இருந்தால், 2012 திருத்தத்தின்படி நிகழ்த்துநராக அவருக்கும் வருமானத்தில் உரிமை கேட்க வழி உண்டு. அதற்கு அவர் பெயர் முதலில் எங்கேயாவது எழுத்தில் இருக்க வேண்டும். அதை ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு எழுத உட்கார்ந்தால், யார் எந்த வரியைச் சேர்த்தார் என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கும்.